'நெட்வொர்க் எரர்' என்று மட்டும் வந்தால்: ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் ஆப்களில் இணைப்புப் பிழைகளைக் கையாள ஒரு வழிகாட்டி

கோவையிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ பெங்களூருக்கு வந்து, ஒரே கோடில் ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் ஆப் எழுத உதவும் ஃபிளட்டரிலோ (டார்ட் மொழி) ரியாக்ட் நேட்டிவிலோ (ஜாவாஸ்கிரிப்ட்) ஆப் எழுதும் வேலையில் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் மாதத்திலேயே உங்கள் தலையில் ஒரு டிக்கெட் வந்து விழும்: "ஆப்பில் நெட்வொர்க் எரர் வருகிறது, பார்க்கவும்." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கும், வேறு தகவல் எதுவும் இருக்காது. ஒயிட்ஃபீல்டு அலுவலக வை-ஃபையில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஜோராக ஓடும். 'என் மெஷினில் வரவில்லை, பயனரின் நெட் பிரச்சினை' என்று எழுதி மூடிவிடக் கை துறுதுறுக்கும். மூடாதீர்கள்.

அந்த ஒரே பெயரில் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன, மருந்தும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ரிக்வெஸ்ட் சர்வரைத் தொட்டதா, இல்லையா? மறுபடி அனுப்பலாமா, பயனரிடம் என்ன சொல்வது, யாரை எழுப்புவது என்ற மூன்றையும் அதன் பதில்தான் தீர்மானிக்கும்.

1. எந்த இடத்தில் அறுந்தது என்று பிரியுங்கள்

ஒரு ரிக்வெஸ்ட் போகும் வழி இது: டி.என்.எஸ்.ஸில் சர்வர் பெயருக்கான முகவரியைத் தேடுதல், சர்வரோடு டி.சி.பி. இணைப்பு, டி.எல்.எஸ். கைகுலுக்கல் (சான்றிதழைப் பார்த்துப் பாதுகாப்பான வழியை உறுதிசெய்தல்), அனுப்புதல், காத்திருத்தல், பதிலை வாசித்தல். முதல் மூன்றில் அறுந்தால் ரிக்வெஸ்ட் சர்வரைத் தொடவே இல்லை. பயமில்லாமல் மறுபடி அனுப்பலாம். அனுப்பத் தொடங்கிய பிறகு அறுந்தால் சர்வர் வேலையை முடித்ததா என்று உங்களுக்குத் தெரியாது. பதில் வந்து அதில் 404 (கேட்டது இல்லை) அல்லது 500 (சர்வர் கோளாறு) இருந்தால் அது இணைப்புப் பிழையே அல்ல. இணைப்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பிழையோடு வரும் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். ஆண்ட்ராய்டில் 7 என்றால் பெயர் கிடைக்கவில்லை, 101 என்றால் நெட்வொர்க்கே இல்லை. 111 என்றால் அந்த போர்ட்டில் யாரும் கேட்கவில்லை, 110 என்றால் பதிலே இல்லாமல் நேரம் தீர்ந்தது. 104 எதிர்முனை இணைப்பை வெட்டியது. 103 போனே இணைப்பைக் கைவிட்டது. வை-ஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போதும், ஆப் பின்னணிக்குப் போய்த் திரும்பும்போதும் இந்த 103 அடிக்கடி தலைகாட்டும். ஐஃபோனில் எண்கள் வேறு: 8 பெயர் கிடைக்கவில்லை, 51 நெட்வொர்க் இல்லை, 61 மறுப்பு, 60 நேரம் தீர்ந்தது, 54 வெட்டு. ரியாக்ட் நேட்டிவில் ஐஓஎஸ் பக்க லாகைப் பார்த்தால் ஆப்பிளின் எண்கள் வரும்: -1009 நெட் இல்லை, -1001 நேரம் தீர்ந்தது, -1003 பெயர் கிடைக்கவில்லை, -1004 சேர முடியவில்லை, -1005 நடுவில் அறுந்தது, -1200 டி.எல்.எஸ். கோளாறு, -1022 பாதுகாப்பில்லாத முகவரி என்று ஆப்பிளே தடுத்தது.

இந்தப் பிரிப்பை உங்கள் லைப்ரரி எவ்வளவு மறைக்கிறது என்பது அடுத்த விஷயம். ஃபிளட்டரின் எச்டிடிபி பேக்கேஜில் சாக்கெட் எக்ஸெப்ஷன், கிளையன்ட் எக்ஸெப்ஷன் என்ற பிழை வகைகள் இரண்டையும் பிடித்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். டி.எல்.எஸ்.ஸில் முறிந்தால் வருவது ஹேண்ட்ஷேக் எக்ஸெப்ஷன். அது இரண்டிலும் சேராமல் நழுவி, யாரும் பிடிக்காத பிழையாக மேலே போய்விடும். நீங்கள் வைத்த டைம்-அவுட் தீர்ந்தால் டைம்அவுட் எக்ஸெப்ஷன், ஜேசான் வடிவத் தரவுக்குப் பதில் வேறெதுவோ வந்தால் ஃபார்மட் எக்ஸெப்ஷன். மொத்தம் ஐந்தையும் தனித்தனியாகப் பிடியுங்கள். இன்னொன்று: பேக்கேஜின் 1.0-க்குப் பிந்தைய பதிப்புகளில் போனில் வரும் சாக்கெட் பிழை கிளையன்ட் எக்ஸெப்ஷன் வேஷத்தையும் சேர்த்தே போட்டுக்கொண்டு வரும். அதனால் கேட்ச் வரிசையில் சாக்கெட்டை முதலில் வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கிளை ஒருநாளும் ஓடாது.

ஃபிளட்டரின் இன்னொரு லைப்ரரியான டியோவில் வகைகள் ஒழுங்காகப் பிரிந்து வரும். ஆனால் டி.எல்.எஸ். முறிவு பெரும்பாலும் 'அன்னோன்' வகையில் வந்து விழும், உள்ளே இருக்கும் எரர் ஃபீல்டைத் திறந்தால்தான் காரணம் தெரியும். டியோ இயல்பாகவே 200 முதல் 299 வரை தவிர மற்ற எல்லாவற்றையும் பிழையாக எறியும். எச்டிடிபி பேக்கேஜும் ரியாக்ட் நேட்டிவின் ஃபெட்சும் 500 வந்தாலும் வாய் திறக்காது, ஸ்டேட்டஸ் கோடை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ரியாக்ட் நேட்டிவில் நிலைமை மோசம். பெயர் கிடைக்காததும், சான்றிதழ் கோளாறும், ஆண்ட்ராய்டு தடுத்ததும் எல்லாமே 'நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்ற ஒரே வாக்கியமாக வரும். கோப்பை அப்லோடு செய்யும்போது கோப்பின் பாதையைத் தவறாகக் கொடுத்தாலும் இதே வாக்கியம்தான். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்ட்ராய்டில் லாக்கேட், ஐஃபோனில் எக்ஸ்கோட் கன்சோல் இரண்டில் ஒன்றைத் திறந்தால் உண்மைக் காரணம் அங்கே இருக்கும். ஆக்ஸியோஸ் லைப்ரரி என்றால் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சர்வர் பேசியிருக்கிறது.

அதே கோடை பிரௌசரிலும் ஓட்டுகிறீர்கள் என்றால் கார்ஸ் தடையும் (வேறு டொமைனின் பதிலை பிரௌசர் தடுக்கும் விதி) இணைப்புப் பிழை போலவே தெரியும். காரணத்தை பிரௌசர் கோடுக்குச் சொல்லாது, கன்சோலில் மட்டும்தான் எழுதும்.

2. ரிலீஸ் பில்டில் மட்டும் ஓடவில்லையா? கோப்புகளைத் திறங்கள்

டீபக் பில்டில் (சோதனைப் பதிப்பில்) ஓடி, பிளே ஸ்டோருக்குப் போனதும் 'ஃபெயில்டு ஹோஸ்ட் லுக்கப், எண் 7' என்று வந்தால் டி.என்.எஸ்.ஸைத் திட்டாதீர்கள். ஃபிளட்டர் உருவாக்கித் தரும் புராஜெக்டில் இன்டர்நெட் அனுமதி டீபக், ப்ரொஃபைல் மேனிஃபெஸ்ட்களில் (ஆப்பின் அனுமதிகளை எழுதும் கோப்புகள்) மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும். மெயின் கோப்புறையில் உள்ள மேனிஃபெஸ்டில் நீங்கள் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ரியாக்ட் நேட்டிவில் பொறி வேறு. ஆண்ட்ராய்டு 9 முதல் 'எஸ்' இல்லாத எச்டிடிபி முகவரிகள் இயல்பாகவே தடுக்கப்படும். டீபக்கில் தளர்வு இருப்பதால் ஓடும், ரிலீஸில் நிற்கும். ஒட்டுமொத்தமாகத் திறந்துவிடாமல், நெட்வொர்க் செக்யூரிட்டி கோப்பில் அந்த ஒரு டொமைனுக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள். அதைவிட நல்லது, சர்வருக்குச் சான்றிதழ் போடுவது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்குக் காசு கிடையாது.

ஐஃபோனில் 2015-ல் வந்த ஐஓஎஸ் 9 முதல் இதே கட்டுப்பாடு உண்டு. ஐஓஎஸ் 14 முதல் அதே வை-ஃபையில் இருக்கும் பிரிண்டர், பில்லிங் மெஷின் போன்றவற்றைத் தொட வேண்டுமானால் லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கும். அதற்கான விளக்க வரியை ஆப்பின் அமைப்புக் கோப்பான இன்ஃபோ பிலிஸ்டில் எழுத வேண்டும். பயனர் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் உங்களுக்கு வருவது வெறும் இணைப்புப் பிழைதான். மேக் ஆப் என்றால் நெட்வொர்க் கிளையன்ட் என்டைட்டில்மென்ட் (ஆப்பில் எழுதும் அனுமதி) வேண்டும். அது இல்லாவிட்டால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட், எண் 1' என்று வரும்.

3. லோக்கல்ஹோஸ்ட் யாருடைய லோக்கல்ஹோஸ்ட்?

111 வந்தால் முதல் சந்தேகம் இதுதான். ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்குள் (லேப்டாப்பில் ஓடும் போலி போன்) லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது அந்த எமுலேட்டரையே குறிக்கும், உங்கள் லேப்டாப்பை அல்ல. லேப்டாப்பைத் தொட 10.0.2.2, ஜெனிமோஷன் எமுலேட்டர் என்றால் 10.0.3.2. ஐஃபோன் சிமுலேட்டர் மேக்கின் நெட்வொர்க்கையே பகிர்வதால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் ஓடும். 'ஐஃபோனில் ஓடுது, ஆண்ட்ராய்டில் ஓடல' என்ற புகாரில் பாதி இதுதான்.

நிஜ போனில் லேப்டாப்பின் ஐ.பி. முகவரியைக் கொடுங்கள். அப்போது சர்வர் 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, 0.0.0.0-இல், அதாவது எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், கேட்க வேண்டும். பெரிய அலுவலக வை-ஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் தடுத்திருப்பார்கள், பி.ஜி. விடுதி வை-ஃபைகளிலும் இது உண்டு. ஐ.டி. டீமுக்கு மெயில் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். யூஎஸ்பி கேபிளைச் செருகி ஏடிபி ரிவர்ஸ் கட்டளை ஒன்று கொடுத்தால் ஆண்ட்ராய்டு போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினாலே லேப்டாப்பைத் தொடும்.

4. டைம்-அவுட்டை நீங்களே வையுங்கள்

இயல்பு மதிப்பை நம்பாதீர்கள். ஆக்ஸியோஸில் இயல்பு பூஜ்யம், அதாவது எல்லையே இல்லை. ஃபெட்சில் டைம்-அவுட் என்ற அமைப்பே இல்லாததால் அபார்ட் கன்ட்ரோலர் வைத்து நிறுத்த வேண்டும். டியோவும் நீங்கள் சொல்லாவிட்டால் காத்துக்கொண்டே இருக்கும். ஐஓஎஸ் 60 விநாடி என்று வைத்திருக்கிறது. 60 விநாடி சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஆப்பைக் கொன்றுவிட்டுத் திரும்பத் திறப்பார்கள்.

திரையில் ஆள் காத்திருக்கும் ரிக்வெஸ்டுக்கு இணைப்புக்கு 8 விநாடி, பதிலுக்கு 15 விநாடி, மறுமுயற்சி உட்பட மொத்தம் 30 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். 8 என்பதற்குக் காரணம் இருக்கிறது. இணைப்புக்கான முதல் பாக்கெட் தொலைந்தால் லினக்ஸ் வழக்கமாக 1, 3, 7-ஆவது விநாடிகளில் திரும்ப அனுப்பும். 3 விநாடியில் வெட்டினால் சிக்னல் மங்கிய இடத்தில் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பை நீங்களே பறிக்கிறீர்கள்.

மொத்த எல்லையைத் தனியாக வையுங்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம், டியோவின் ரிசீவ் டைம்-அவுட் மொத்த நேரத்தை அளப்பதில்லை. இரண்டு துண்டுகளுக்கு இடைப்பட்ட மௌனத்தைத்தான் அளக்கிறது. சொட்டுச் சொட்டாக வரும் பதில் அரை மணி நேரம் ஓடினாலும் அது தீராது.

டார்ட்டில் ஃப்யூச்சரின் (பின்னால் வரப்போகும் பதிலின்) மேல் டைம்-அவுட் போட்டால் உங்கள் காத்திருப்பு முடியும், ஆனால் உள்ளே போன ரிக்வெஸ்ட் சாகாது. அது சர்வரைத் தொட்டு, ஆர்டரைப் பதிவு செய்து, பதிலை யாரும் இல்லாத இடத்தில் கொண்டுவந்து போடும். பயனருக்கோ 'தோல்வி' என்று திரை சொல்லியிருக்கும். டியோ என்றால் கேன்சல் டோக்கன் பயன்படுத்துங்கள். அப்படி நிறுத்தினாலும் சர்வர் தன் வேலையை நிறுத்தியது என்று அர்த்தமில்லை, அதற்கு மருந்து 6-ஆவது படியில்.

அப்லோடுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 5 எம்.பி. ஆதார் ஸ்கேனை மங்கிய 4ஜியில் 15 விநாடியில் ஏற்றச் சொன்னால் நடக்குமா? படத்தை முதலில் சுருக்குங்கள், பிறகு தனி கிளையன்டில் நீண்ட எல்லை வையுங்கள்.

5. மறுமுயற்சி: எதற்கு, எத்தனை, எவ்வளவு இடைவெளி

தகவலைக் கேட்கும் கெட் ரிக்வெஸ்டுகளுக்கும், திரும்பச் செய்தாலும் முடிவு மாறாத புட் (மாற்று), டெலீட்டுக்கும் (நீக்கு) மறுமுயற்சி வைக்கலாம். ஸ்டேட்டஸ் 408, 429, 502, 503, 504 வந்தாலும் வைக்கலாம். 400, 401, 403, 404-க்கு வைக்காதீர்கள். நூறு முறை கேட்டாலும் பதில் அதுவேதான்.

இடைவெளி 1, 2, 4 விநாடி என்று இரட்டிக்கட்டும். அதோடு தற்செயலான சிறு கூட்டல் கழித்தலும் சேருங்கள். இல்லையென்றால் சர்வர் விழுந்து எழும் நொடியில் எல்லாப் போன்களும் ஒரே தாளத்தில் வந்து மோதி மறுபடி படுக்க வைக்கும். ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் வந்தால் உங்கள் கணக்கை விட்டுவிட்டு அது சொல்லும் நேரம் காத்திருங்கள்.

எச்டிடிபி பேக்கேஜில் இருக்கும் ரீட்ரை கிளையன்டைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. அது இயல்பாக 503-க்கு மட்டும்தான் மறுபடி முயலும், இணைப்புப் பிழைக்கு அல்ல. எந்தப் பிழைக்கு முயல வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் வேலை செய்யும்.

கோட் ரிவ்யூவில் கண்ணில் படாமல் தப்பும் பொறி, அடுக்கடுக்கான மறுமுயற்சி. கிளையன்ட் மட்டத்தில் 3 முறை, ரெப்போசிட்டரியில் ஒருவர் எழுதிய 3 முறை, திரையில் இன்னொருவர் எழுதிய 3 முறை. பெருக்கினால் ஒரே தட்டலுக்கு 27 ரிக்வெஸ்ட். மறுமுயற்சி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று டீமில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

'கனெக்‌ஷன் க்ளோஸ்டு பிஃபோர் ஃபுல் ஹெடர் வாஸ் ரிசீவ்டு' என்று எப்போதாவது ஒருமுறை மட்டும் வருகிறதா? பெரும்பாலும் நெட் மீது குற்றமில்லை. டார்ட் கிளையன்ட் சும்மா இருக்கும் இணைப்பை 15 விநாடி வைத்திருக்கும். நோட்.ஜேஎஸ் சர்வரில் நெடுநாளாக இருந்துவந்த இயல்பு 5 விநாடி. சர்வர் மூடிய அதே நொடியில் ஆப் அந்தப் பழைய இணைப்பிலேயே அனுப்பினால் இந்தப் பிழை வரும். சர்வரின் கீப்-அலைவை (சும்மா இருக்கும் இணைப்பை வைத்திருக்கும் நேரம்) கூட்டுங்கள், அல்லது ஆப்பின் ஐடில் டைம்-அவுட்டை 3 விநாடிக்குக் குறையுங்கள்.

6. பணம், ஆர்டர், ஓடிபி

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது. ஒருவர் அல்சூரில் ஆட்டோவில் உட்கார்ந்து 'பணம் செலுத்து' என்று தட்டுகிறார். ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்து பணமும் கழிந்தது, பதில் திரும்பும் வழியில் சிக்னல் போனது. ஆப் 'தோல்வி, மறுபடி முயலவும்' என்று சொன்னால் அவர் மறுபடி கட்டுவார். இரண்டாவது முறை கழிந்த பணத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

செய்ய வேண்டியது: பொத்தானைத் தட்டும் கணத்தில் போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி அடையாளம்) உருவாக்குங்கள். அனுப்புவதற்கு முன்னால் அதைப் போனின் சேமிப்பில் எழுதுங்கள், நினைவகத்தில் மட்டும் வைத்தால் ஆப் செத்ததும் அதுவும் போய்விடும். ஐடெம்பொட்டன்சி-கீ ஹெடரில் அதை அனுப்புங்கள். சர்வர் அதை யூனிக் கட்டுப்பாட்டோடு டேபிளில் பதிந்து, அதே கீ மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும். ஆப் மறுபடி திறக்கும்போது முடிவு தெரியாத கீ ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, 'இது என்னவாயிற்று?' என்று கேட்க ஒரு ஏபிஐ வேண்டும். பேக்எண்டு டீமிடம் இதை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள், ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்பு கேட்டால் கிடைக்காது.

கீயை மறுமுயற்சி லூப்புக்குள்ளோ, ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் இடைமறிக்கும் இன்டர்செப்டருக்குள்ளோ உருவாக்குபவர்கள் நிறைய. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ பிறந்தால் அந்தக் கீ இருந்தும் இல்லாததுதான்.

ஓடிபி கேட்கும் ரிக்வெஸ்டுக்குத் தானியங்கி மறுமுயற்சியே வேண்டாம். மூன்று எஸ்எம்எஸ் போகும், மூன்றுக்கும் கம்பெனி காசு கட்டும், பயனர் முதலில் வந்ததை உள்ளிட்டுத் 'தவறான ஓடிபி' என்று வாங்கிக்கொள்வார்.

7. 'இணையம் இருக்கிறதா?' என்று முன்கூட்டியே கேட்காதீர்கள்

ஃபிளட்டரின் கனெக்டிவிட்டி பிளஸ் பேக்கேஜ் சொல்வது வை-ஃபையா மொபைலா என்பதை மட்டும்தான். வை-ஃபை ரூட்டருக்குப் பின்னால் இணையம் செத்துக் கிடந்தாலும் அது 'வை-ஃபை' என்றுதான் சொல்லும். அதை வாசலில் காவலாள் போல நிறுத்தி 'இல்லை என்றால் அனுப்பாதே' என்று எழுதினால், வி.பி.என். போட்டவர்கள் போன்ற சிலருக்கு ஆப் காரணமில்லாமல் அடைபட்டுப்போகும். அனுப்பிப் பாருங்கள், தோற்றால் அதன் பிறகு இந்தத் தகவலைக் கேட்டுச் செய்தியைத் திருத்துங்கள். நெட் திரும்பியதும் தேங்கிய வேலையைத் தொடங்க அது நல்ல மணி, அவ்வளவே.

மால், விமான நிலைய வை-ஃபை தனிக் கதை. லாகின் பக்கம் ஒன்று குறுக்கே நிற்கும். எச்டிடிபி என்றால் 200-உடன் ஒரு எச்டிஎம்எல் பக்கம் வந்து ஜேசான் வாசிப்பு முதல் எழுத்திலேயே முறியும், எச்டிடிபிஎஸ் என்றால் சான்றிதழ் பிழையாக வரும். பதிலின் கன்டென்ட்-டைப் ஜேசான்தானா என்று வாசிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அலுவலக வை-ஃபையில் ஓடி மொபைல் டேட்டாவில் மட்டும் தடுமாறினால் ஐபிவி6-ஐ (புதிய வகை ஐ.பி. முகவரி) சந்தேகியுங்கள். ஜியோவில் பெரும்பகுதி ஐபிவி6 வழியாகத்தான் போகிறது. சர்வருக்கு ஐபிவி6 முகவரி டி.என்.எஸ்.ஸில் இருந்து, ஃபயர்வாலில் அந்த வழி திறக்கப்படாமல் இருந்தால் இப்படி ஆகும். ஆப்பிளும் 2016 ஜூன் முதல் ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஆப் ஓட வேண்டும் என்று கேட்கிறது. கோடில் ஐ.பி. எண்ணை நேரடியாக எழுதாதீர்கள்.

8. சான்றிதழ் பிழை: அணைத்துவிட்டுப் போகாதீர்கள்

தவறான சான்றிதழை ஏற்கலாமா என்று டார்ட் கேட்கும் பேட் சர்டிஃபிகேட் கால்பேக்கில் 'ட்ரூ' என்று திருப்பினால் பிழை மறையும் என்று இணையம் முழுக்க எழுதியிருக்கும். மறையும்தான், கூடவே நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவருக்குக் கதவும் திறக்கும். காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. சர்வர் இடைச் சான்றிதழை (தன் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைப்பது) அனுப்பாமல் விட்டது: குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஆப் எடுக்காது, அதனால்தான் 'பிரௌசரில் திறக்குதே' என்று குழம்புகிறீர்கள். சர்வரில் முழுச் சங்கிலிக் கோப்பை வைக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. இரண்டாவது, போனின் தேதி தவறாக இருப்பது. மூன்றாவது, 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு: லெட்ஸ் என்கிரிப்டின் இன்றைய மூலச் சான்றிதழ் அந்தப் போன்களில் இல்லை.

9. திரையில் என்ன எழுதுவது

எக்ஸெப்ஷனை அப்படியே திரையில் கொட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் 'உங்கள் இணையத்தைச் சரிபார்க்கவும்' என்றும் எழுதாதீர்கள், சர்வர் விழுந்ததற்குப் பயனர் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவார். தமிழ் வடிவத்துக்கு இப்படி வைக்கலாம்:

சர்வரைத் தொடவில்லை என்றால்: "இணைய இணைப்பு கிடைக்கவில்லை. நீங்கள் நிரப்பியவை போனில் அப்படியே இருக்கின்றன."

502, 503 என்றால்: "கோளாறு எங்கள் பக்கம். சற்று நேரம் கழித்து முயலுங்கள்."

பணம் தொடர்பான முடிவு தெரியவில்லை என்றால்: "பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மறுபடி கட்ட வேண்டாம்."

வை-ஃபை லாகின் சந்தேகம் என்றால்: "இந்த வை-ஃபையில் முதலில் லாகின் செய்ய வேண்டியிருக்கலாம். பிரௌசரைத் திறந்து பாருங்கள்."

முதல் செய்தியில் 'அப்படியே இருக்கின்றன' என்று எழுதினால் உண்மையிலேயே சேமித்திருக்க வேண்டும், சொல்லத் தேவையில்லை.

10. சோதனை: செலவும் இடமும்

ஏரோப்ளேன் மோடு போட்டுப் பார்த்துவிட்டு 'டெஸ்ட் ஆச்சு' என்று எழுதுவது பலன் தராது. அதில் பிழை உடனே வந்துவிடும். ஆளைப் படுத்துவது பாதி உயிரோடு இருக்கும் சிக்னல்தான்.

இலவசமாகவே நிறையச் செய்யலாம். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் வேகத்தைக் குறைக்கவும் தாமதத்தைக் கூட்டவும் அமைப்பு உண்டு. ஐஃபோனில் டெவலப்பர் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் இருக்கிறது. ரிக்வெஸ்டை நடுவில் வெட்டிப் பார்க்க எம்ஐடிஎம் ப்ராக்ஸி, டாக்ஸிப்ராக்ஸி இரண்டும் காசில்லாதவை. ஃபிளட்டர்காரர்கள் கவனிக்க: டார்ட் போனின் ப்ராக்ஸி அமைப்பைக் கண்டுகொள்ளாது, கோடில் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஃபோனில் சோதிக்க ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் உடனே கட்ட வேண்டியதில்லை, இலவச ஆப்பிள் கணக்கில் போடும் பில்ட் 7 நாள் ஓடும். பழைய ஆண்ட்ராய்டு ஒன்று வேண்டுமென்றால் பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் விசாரியுங்கள். வாங்கும் முன் செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பிறகு தெருவில் இறங்குங்கள். நம்ம மெட்ரோ பர்ப்பிள் லைனில் எம்.ஜி. ரோடு மேம்பாலத்தில் இருக்கும், அடுத்த கப்பன் பார்க் தரைக்குக் கீழே. அங்கிருந்து மெஜஸ்டிக் தாண்டி சிட்டி ரயில்வே ஸ்டேஷன் வரை சுரங்கம், மாகடி ரோட்டில் வெளியே வரும். ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எம்.ஜி. ரோட்டில் ஏறி, இறங்குமிடத்தில் ஒரு ஃபார்ம் அனுப்புங்கள், வெளியே வருமிடத்தில் ஒன்று அனுப்புங்கள். அலுவலகத்தில் வை-ஃபை எட்டாத பார்க்கிங் தளத்துக்கு லிஃப்டில் இறங்கிக்கொண்டே 'பணம் செலுத்து' தட்டுங்கள், டெஸ்ட் சர்வரில்தான். லிஃப்ட் கதவு மூடும்போது அறுவதும் திறக்கும்போது திரும்புவதும் எந்த எமுலேட்டரும் இவ்வளவு அழகாகக் காட்டாது.

11. லாக், பிறகு ரிலீஸ்

ஒவ்வொரு தோல்விக்கும் எழுத வேண்டியவை: எந்தக் கட்டம், பிழையின் வகை, எண், ஹோஸ்ட் பெயர், வை-ஃபையா மொபைலா, எத்தனை மில்லிவிநாடி ஓடியது, எத்தனையாவது முயற்சி, ரிக்வெஸ்ட் ஐடி. எழுதவே கூடாதவை: டோக்கன், ஓடிபி, போன் எண். ரிக்வெஸ்ட் ஐடியை சர்வர் லாகிலும் எழுத வைத்தால் 'தொட்டதா இல்லையா' என்ற கேள்விக்கு ஒரே தேடலில் பதில் கிடைக்கும். இணைப்புப் பிழைகளை க்ராஷ் பட்டியலில் சேர்க்காதீர்கள், நிஜ க்ராஷ் அதில் மூழ்கிவிடும்.

ரிலீஸுக்கு முந்தைய நாள், ரிலீஸ் பில்டை நிஜ போனில் போட்டு, வை-ஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒருமுறை முழுக்க ஓட்டுங்கள். 2-ஆவது படியின் பொறிகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் ஒரே நாளில் திறக்காமல் 5 சதவீதத்தில் தொடங்கி இரண்டு நாள் லாகைப் பாருங்கள். எண் 7 அத்தனை போனிலும் வந்தால் மேனிஃபெஸ்ட், ஒரே நிறுவன சிம்களில் மட்டும் 110 வந்தால் ஐபிவி6, பழைய போன்களில் மட்டும் ஹேண்ட்ஷேக் முறிந்தால் சான்றிதழ். மூன்றும் இல்லாமல் 103 மட்டும் அங்கங்கே சிதறிக் கிடந்தால் சதவீதத்தை ஏற்றலாம். அது ஊரில் எல்லோரும் வை-ஃபை விட்டு வெளியே நடப்பதால் வருவது.